கற்கண்டுத் தட்டும் கழுவாத விரல்களும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் வாசலில் வரவேற்பு மேசை போட்டாக வேண்டும். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, தட்டு நிறையக் கற்கண்டு. கல்யாணம், காதுகுத்து, கடைத்திறப்பு, சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், எதையும் விட்டதில்லை. வருகிறவர் கையில் பன்னீர் தெளித்து, ஒரு கற்கண்டையாவது எடுக்க வைத்தால்தான் எனக்கு மனசு ஆறும். அந்த வியாதியை முற்ற விட்ட இடம் கிள்ளானில் ஒரு மண்டபம். நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிகழ்ச்சி, இலவச இனிப்புநீர்ப் பரிசோதனை முகாம்.

ஆமாம், நீரிழிவைக் கண்டுபிடிக்கும் முகாமின் வாசலில் நான் கற்கண்டு வைத்தேன். (சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், இங்கேதான் இருப்பேன்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பங்சாரில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை. பெயர் அட்டையில் ‘எக்சிகியூட்டிவ்’ என்று போட்டிருந்தது. செய்ததெல்லாம் பெரும்பாலும் பலூன் ஊதும் வேலை. ஆனால் வீட்டில் என் அலட்டலைப் பார்த்தால் மலேசியாவின் சுதந்திர தின அணிவகுப்பையே நான்தான் நடத்துகிறேன் என்று நினைப்பீர்கள்.

அம்மாவின் தம்பி தனபாலன் மாமா கிள்ளானில் ஒரு சமூகநலச் சங்கத்தின் தலைவர். அவருக்குத் தெரிந்தவர்களிலேயே இனிப்புநீரால் கால் போனவர்கள், கண் மங்கியவர்கள் என்று பலர் இருந்தார்கள். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரும் தாதிகளும் இருந்தார்கள்; முகாம் போடக் கருவி போதவில்லை. மிஸ்டர் லிம் என்பவர் மேலாளராக இருந்த மருந்துக்கடை நிறுவனத்திடம் கருவி இருந்தது. சோதிக்க ஆள் இல்லை. மாமாவின் சங்கத்திடம் மண்டபம் இருந்தது. வேறு எதுவுமே இல்லை. மூன்று பேரும் சேர்ந்தால் நடக்கும் என்று மாமா கணக்குப் போட்டது சரிதான். அதற்கு ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டதில்தான் சறுக்கிவிட்டார்.

நான் உடனே சரி என்று சொன்னதற்குப் பொதுநலம் மட்டும் காரணமில்லை. காரணம் என் அப்பா. முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு இருந்தார். ஒரு நாளைக்கு மூன்று கோப்பை தே தாரிக் டீ, மூன்றிலும் கெட்டிப்பால் கூடுதலாக. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டு கேட்டில் இடித்துக்கொண்ட வலது கால் கட்டைவிரல் ஆறவே இல்லை. வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டுக்கொண்டு நடந்தார். துணி துவைக்கும்போது அந்தக் காலுறையைப் பார்த்த அம்மா, என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதுவிட்டாள்.

“கிளினிக் போலாம்ப்பா” என்று நான் கெஞ்சாத நாள் இல்லை.

“கிளினிக்குப் போனா ஒண்ணுமில்லாதவனுக்கும் ஒரு வியாதிய எழுதிக் குடுத்துடுவானுங்க லா. ரயில்வேல ஓடுன ஒடம்பு இது. எனக்கு என்ன?”

இப்படிப்பட்டவரைக் கிளினிக்குக் கொண்டுபோக முடியாது. கிளினிக்கை இவரிடம் கொண்டுவரத்தான் முடியும். மாமாவை அப்பாவுக்குப் போன் போடச் சொன்னேன். “மச்சான், நீங்கதான் வந்து குத்துவிளக்கு ஏத்தணும். வேற ஆளு யாரு இருக்கா?” என்று மாமா ஒரே போடாகப் போட்டார். அப்பா அன்று மாலையே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

ஏற்பாட்டுக் கூட்டங்கள் நான்கு நடந்தன. அவற்றில் மூன்று பேனரைப் பற்றியவை. அரசாங்கச் சின்னம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று கிளினிக் தரப்பு சொன்னது. கருவியெல்லாம் எங்களுடையது, எங்கள் சின்னம் மட்டும் தபால் தலை அளவுக்கா என்று மிஸ்டர் லிம் முகம் சிவந்தார். மாமாவுக்குச் சின்னம் போதாது, தன் படமும் வேண்டும். மூவரையும் சமாதானப்படுத்த நான் கண்டுபிடித்த வழி, பேனரையே பெரிதாக்கிவிடுவது. எல்லாச் சின்னமும் ஒரே அளவு. மாமாவின் படம் ஓர் ஓரத்தில், ஆளுயரத்துக்கு. அடித்து வந்ததைப் பிரித்தபோது அது மேடைக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டுச் சுவரில்தான் இடம் இருந்தது. அந்தச் சுவரில், சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. பாசி பிடித்த குழாய்கள், போட்டோவில் அசிங்கமாக விழும். எல்லாவற்றையும் மறைத்து பேனரை இழுத்துக் கட்டச் சொன்னேன். சொல்லிவிட்டு நாலு எட்டு பின்னால் போய் நின்று ரசிக்கவும் செய்தேன்.

நான்காவது கூட்டத்தில்தான் பரிசோதனையைப் பற்றிப் பேசினோம். அது பத்து நிமிடத்தில் முடிந்தது. கிளினிக் தாதி ரோஹானி மலாயில் எழுதிக் கொடுத்த பட்டியலில் மூன்றாவது வரி, ‘வருகிறவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்’. எப்படியும் ஊசி குத்துவதற்கு முன் மருந்துப் பஞ்சால் துடைக்கப் போகிறார்கள், இதில் கழுவுவது எதற்கு என்று நினைத்து, அந்த வரிக்கு நேராக ஒரு ‘சரி’ போட்டுவிட்டேன். (எனக்குத் தெரியாத விஷயங்களுக்கெல்லாம் அந்த வயதில் அப்படித்தான் சரி போடுவேன்.)

ஞாயிறு காலை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். முகாமுக்குப் பட்டுப்புடவையா என்று அம்மா கேட்டதற்கு, “புரோட்டோகால்மா” என்றேன். வந்தவர்கள் கையிலெல்லாம் பன்னீரைத் தாராளமாகத் தெளித்தேன். ஈரக் கையால் கற்கண்டு எடுத்தார்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் கைநிறைய அள்ளினார்கள். கற்கண்டு பன்னீரில் கரைந்து விரலெல்லாம் பாகு. கிளினிக்கின் டாக்டர் ஃபரிடாவுக்கும் மிஸ்டர் லிம்முக்கும் தனி மரியாதையாக நானே எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். மிஸ்டர் லிம் இனிப்பே தொடாதவராம்; மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு யாரும் பார்க்காதபோது பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ரோஹானியும் மற்றத் தாதிகளும் பின்வாசல் வழியாகப் பெட்டிகளோடு முன்பே போய்விட்டதால் அவர்களை மட்டும் வரவேற்க முடியவில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அப்பா விளக்கேற்றினார். முதல் ஆளாகச் சோதனை செய்துகொள்வது தலைமை தாங்குபவரின் கடமை என்று மாமா மேடையிலேயே அறிவித்தார். (இதுவும் என் சதி.) ஊரே பார்க்கும்போது அப்பாவால் மறுக்க முடியவில்லை. விரலை நீட்டினார். ரோஹானி துடைத்தார், குத்தினார், பார்த்தார்.

இருபத்து மூன்று.

நம் நாட்டுக் கணக்குக்கு (தமிழ்நாட்டு எண் வேண்டுமானால் பதினெட்டால் பெருக்குங்கள்) ஏழெட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பதினொன்றைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். நான் வாசலில் செம்பும் கையுமாக உறைந்துபோய் நின்றேன். பயந்தது நடந்துவிட்டது, ஆனால் இப்போதாவது தெரிந்ததே என்று நினைத்தேன்.

அடுத்து வந்த, மாமாவின் சங்கத்து அம்பிகா ஆன்டிக்கு இருபத்தாறு. அதற்கடுத்தவருக்கு இருபத்தெட்டு. பஸ் ஓட்டும் முப்பது வயது இளைஞருக்கு இருபத்தொன்று. கால் மணி நேரத்தில் நான்கு மேசைகளிலிருந்தும் எழுந்தவர்கள் எல்லாரும் நீரிழிவுக்காரர்கள். அம்பிகா ஆன்டி மூலையில் நின்று சிங்கப்பூரிலிருந்த மகனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, அம்மாவுக்கு இருபத்தாறு லா! பேரப்புள்ளையக் கூட்டிட்டு வந்து ஒரு தடவ கண்ணுல காட்டிட்டுப் போயிரு!”

ஆண்கள் வேறு மாதிரி. பரீட்சை முடிவு வந்த மாணவர்களைப் போல மதிப்பெண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒனக்கு எவ்ளோ?”

“பத்தொம்போது.”

“பரவால்லியே, நீ பாஸு. எனக்கு இருபத்தேழு.”

டாக்டர் ஃபரிடா மிஸ்டர் லிம்மை ஓரமாகக் கூப்பிட்டார். கருவி சரியாகத்தான் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். மிஸ்டர் லிம்முக்கு வந்ததே கோபம். எல்லாம் புத்தம்புதுக் கருவி, நேற்றுத்தான் சரிபார்த்தோம், வேண்டுமானால் என்னையே சோதித்துப் பாருங்கள் என்று விரலை நீட்டினார். மனிதர் மாரத்தான் ஓடுகிறவர். கருவி இருபத்தைந்து காட்டியது. அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். டாக்டர் தன் விரலைக் குத்திப் பார்த்தார். அவருக்கு இருபத்திரண்டு. டாக்டரும் உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் முழுக்கக் கலவரம். இதைச் சமாளிக்க வேண்டியது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பல்லவா? பயந்துபோனவர்களுக்கு வாயில் ஏதாவது போட்டால் தெம்பு வரும் என்று எனக்குத் தோன்றியது. வாசலில் இருந்த கற்கண்டுத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தட்டைப் பார்த்த ரோஹானி எழுந்து வந்தார். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். என் கையைப் பிடித்து, தன் கையுறை விரலால் என் விரலைத் தொட்டு எடுத்தார். ஒட்டிக்கொண்டு வந்தது.

“இது எங்க இருந்துச்சு?”

“வாசல்ல மிஸ்ஸி.”

“யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

“எல்லாருக்கும்!” (அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை.)

“யாராச்சும் கை கழுவுனாங்களா?”

என் கண் பேனர் பக்கம் போயிற்று. ரோஹானியும் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டருக்குப் புரியும்படி மலாயில் விளக்கினார்: விரலில் பாகு ஒட்டியிருந்தால் பஞ்சுத் துடைப்பு போதாது, கருவி இரத்தத்தோடு கற்கண்டையும் சேர்த்துத்தான் அளக்கும். டாக்டர் ஃபரிடா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மிஸ்டர் லிம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். தன் சின்னத்துக்காக மூன்று கூட்டம் சண்டை போட்ட அதே மனிதர், ஒரு நாற்காலியில் ஏறி பேனரின் கயிற்றைத் தானே வெட்டினார். அரசாங்கமும் தனியார் துறையும் மாமாவின் ஆளுயரப் படமும் ஒன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன. பின்னால் ஆறு குழாய்கள், பாசியோடு.

அடுத்த சிக்கல், கருவியில் செருகும் சோதனைப் பட்டைகள். கற்கண்டைச் சோதித்ததிலேயே பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. மிஸ்டர் லிம் யாரையும் அனுப்பவில்லை. சுங்கை பூலோவில் இருந்த கிடங்குக்குத் தானே காரை எடுத்துக்கொண்டு பறந்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, தேய்ப்புக் கட்டையால் குழாயடியைக் கழுவினார். டாக்டர் மேடையேறி, யாரும் பயப்பட வேண்டாம், தப்பு எங்களுடையது, எல்லாருக்கும் மறுபடி பார்ப்போம் என்றார். ‘எங்களுடையது’ என்றார். அத்தனை பேர் முன்னால் என்னைக் கை காட்டியிருக்கலாம், காட்டவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அப்பா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“பாத்தியா? அப்பவே சொன்னேனா இல்லியா? இருபத்து மூணும் கற்கண்டு. எனக்கு ஒண்ணுமில்ல. வா, வீட்டுக்குப் போவோம்.”

“இன்னொரு தடவ பாத்துட்டுப் போலாம்ப்பா.”

“ஒரு தடவ ஒன் பேச்சக் கேட்டது போதும் லா.”

இத்தனை தந்திரம் செய்து, அத்தனை பேரைக் கூட்டி, கடைசியில் அப்பாவின் கையில் நானே ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டேன். இனி எந்தக் காலத்திலும் எந்தக் கிளினிக்கையும் அவர் நம்பப் போவதில்லை. கழிப்பறைக்குள் போய்ப் பட்டுப்புடவையின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு வெளியே வந்து கார் சாவியைக் காணோம் என்று பொய் சொன்னேன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே, கீழே கிடந்த பேனரின் மேல், மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மிஸ்டர் லிம் இரண்டு பெட்டிகளோடு ஓடி வந்தார். குழாயடியில் வரிசை நின்றது. முதலில் அம்பிகா ஆன்டி. முழங்கை வரை சவர்க்காரம் போட்டார். கருவியைப் பார்த்த ரோஹானி உரக்கச் சொன்னார்: “ஆறு!”

மண்டபமே கைதட்டியது. ஆன்டி மேடையில் பரிசு வாங்கியவர் போலக் கும்பிட்டார். உடனே சிங்கப்பூருக்குப் போன்: “வர வேணாம்பா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு!”

அடுத்தவருக்கு ஐந்தரை. கைதட்டல். பஸ் ஓட்டுநருக்கு ஐந்து. விசில். இருபத்தேழு வாங்கியவர் ஆறரைக்கு இறங்கியதும் அவரைத் தூக்காத குறைதான். சிலருக்கு எட்டு, ஒன்பது வந்தது. டாக்டர் அவர்களைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். மற்றபடி அந்த முகாம் ஒரு விருது விழாவாகவே ஆகிவிட்டது.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கேற்றியவர் அவர், சிறப்பு விருந்தினர் அவர். ஆனால் கைதட்டல் எல்லாம் அம்பிகா ஆன்டிக்கும் பஸ் ஓட்டுநருக்கும் போகிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு யாரும் கூப்பிடாமலே எழுந்து குழாயடிக்குப் போனார். மூன்று முறை சவர்க்காரம் போட்டார். நகக்கண்ணைக்கூடத் தேய்த்தார். கைக்குட்டையில் துடைத்து, ரோஹானியின் முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து விரலை நீட்டினார். கூட்டம் கை தட்டத் தயாராகக் கையைத் தூக்கியது.

ரோஹானி கருவியைப் பார்த்தார். அப்பாவைக் குழாயடிக்கு அழைத்துப்போய், தன் கையாலேயே அவர் கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலில் மறுபடி குத்தினார்.

பத்தொன்பது.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அப்பா சுற்றிலும் பார்த்தார். ஒரு குழந்தையைப் போலக் கேட்டார்:

“எனக்கு மட்டும் தட்டலியா?”

ரோஹானி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“தட்டுவோம் அங்கிள். கீழ வரட்டும், தட்டுவோம். இப்ப அந்தக் காலுறையக் கழட்டுறீங்களா?”

எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு மாதமாகக் காட்டாத காலை, அப்பா அந்தத் தாதியிடம் மறுபேச்சில்லாமல் காட்டினார். டாக்டர் ஃபரிடா வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. அங்கேயே நின்று அரசாங்க மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஆளைப் பிடித்து, அன்றே சேர்க்க ஏற்பாடு செய்தார். (காணாமல் போன) சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, பக்கத்தில் நின்ற வேறு யாருடையோ காரைத் திறக்கப் பார்த்தேன். மிஸ்டர் லிம் சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டினார். அன்று காலைதான் என்னால் நீரிழிவுக்காரராக்கப்பட்ட மனிதர் அவர். வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: “டோன்ட் வொரி, ரேணு. கருவி நல்ல கருவி.”

அப்பாவுக்குக் கட்டைவிரலை எடுத்தார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அரசாங்கத் தாதி, தனியார் கருவி, சங்கத்துக் குழாய். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் என் அப்பா இன்று இரண்டு காலில் நடந்துகொண்டிருக்க மாட்டார். என் கற்கண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் வாதாடுவதுண்டு. கைதட்டல் இல்லையென்றால் அவர் மறுபடி விரலை நீட்டியிருப்பாரா? வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அந்த முகாம் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பேனர் இப்போது ஒரு மேசை விரிப்பு அளவுதான். சின்னங்களைத் தேட வேண்டியிருக்கிறது, யாருக்கும் வருத்தமில்லை. நான் இன்றும் ஒருங்கிணைப்பாளர்தான். வரவேற்பு மேசையும் உண்டு. ஆனால் அதைக் குழாயடியில் போட்டிருக்கிறார்கள், என் கையில் செம்புக்குப் பதில் சவர்க்காரம். என் கல்யாணத்துக்கு வந்த ரோஹானி, வாசலில் கற்கண்டை எடுத்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி “பைப் எங்க?” என்று கேட்டார். என் மாமியார் வீட்டுக்கு இந்தக் கதை அப்படித்தான் தெரிந்தது.

அப்பா இப்போது தினமும் காலையில் வீட்டிலேயே சோதித்துக்கொள்கிறார். முதலில் கை கழுவுவார். அடுக்களையில் இருக்கும் எனக்குக் கேட்க வேண்டுமென்றே, “கற்கண்டு போயிருச்சு!” என்று கத்துவார். பிறகு விரலைக் குத்திக்கொண்டு காத்திருப்பார், நாங்களும் காத்திருப்போம். எண் அதிகமாக இருந்தால் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் நடக்கப் போய்விடுவார். குறைவாக இருந்தால் வாய்விட்டுப் படிப்பார். உடனே அம்மா, நான், என் கணவர், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் மகள் எல்லாரும் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும். தட்டும் சத்தம் குறைந்தால் மறுபடி படிப்பார்.

இன்று காலை ஆறு. மாவு ஒட்டிய கையோடு தட்டினேன்.